ஒரே குடும்பத்தின் கையில் ஓர் ஊர்: லேகாக் கிராமமும் அதன் பழைய வீடுகளும்



இங்கிலாந்தின் தென்மேற்கில், வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றங்கரையில் லேகாக் என்றொரு கிராமம் இருக்கிறது. லண்டனிலிருந்து மேற்கே ஏறக்குறைய நூறு மைல். பக்கத்து ஊர் சிப்பன்ஹாம், மூன்று மைல். லேகாக்கில் சொல்லிக்கொள்ளும்படியான தெருக்கள் நான்கு: ஹை ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட். நான்கும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு சதுரம். நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம்.

இந்த நான்கு தெருக்களில் 14ஆம் நூற்றாண்டு வீடும் 18ஆம் நூற்றாண்டு வீடும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அதற்குப் பிறகு எழுந்த கட்டடங்கள் மிகச் சொற்பம். மின்கம்பிகள் தலைக்கு மேல் ஓடுவதில்லை. கூரைகளில் தொலைக்காட்சி ஆன்டெனா இல்லை. பி.பி.சி. நிறுவனம் 1995இல் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைத் தொடராக எடுத்தபோது மெரிட்டன் என்ற கற்பனை ஊருக்காக இந்தத் தெருக்களைத்தான் தேர்ந்தெடுத்தது. ஹாரி பாட்டர் படங்களின் பள்ளிக்கூட நடைபாதைகள் சில இந்த ஊர் மடத்தின் நடைபாதைகளே. உங்களில் பலர் பெயர் தெரியாமலே இந்த ஊரைப் பார்த்திருக்கிறீர்கள்.

பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது அவை எப்படிக் கட்டப்பட்டன என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். அவை ஏன் இடிபடவில்லை என்று கேட்பது அரிது. லேகாக்கைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்பது என் எண்ணம். அதற்கான விடையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளில் பெரும்பாலானவை அவற்றில் குடியிருந்தவர்களுக்கு ஒருபோதும் சொந்தமாக இருக்கவில்லை. முதலில் ஒரு கன்னியர் மடம், பிறகு ஒரு குடும்பம், இன்று ஓர் அறக்கட்டளை என்று எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊரின் பெரும்பகுதி ஒரே கையில் இருந்து வந்திருக்கிறது. இது மனத்துக்கு இதமான விடை அல்ல. ஆனால் உண்மை அதுதான்.

1086இல் வெற்றிவேந்தன் வில்லியம் தன் நாட்டின் பெரும்பகுதியை அளந்து எழுதவைத்த டூம்ஸ்டே பதிவேட்டில் லேகாக் வருகிறது. இரண்டு ஆலைகள், ஒரு சிறு திராட்சைத் தோட்டம் கொண்ட ஊராக அதில் இடம்பெற்றிருக்கிறது. ஊரின் தலையெழுத்தை மாற்றியவர் அதற்குப் பின் வந்த ஒரு பெண்மணி, சால்ஸ்பரி கோமாட்டி ஏலா.

ஏலா தன் தந்தையிடமிருந்து நேரடியாகப் பட்டமும் நிலமும் பெற்றவர். கணவர் வில்லியம் லாங்கெஸ்பே, ஜான் மன்னனுக்கு வேறு தாய்வழிச் சகோதரர். 1220இல் சால்ஸ்பரி பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியவர்களில் இந்தத் தம்பதியரும் உண்டு. 1225இல் பிரான்சிலிருந்து திரும்பும் வழியில் லாங்கெஸ்பேயின் கப்பல் புயலில் சிக்கியது. ஆள் இறந்துவிட்டார் என்றே இங்கிலாந்தில் பேச்சு. உடனே அரசவையில் செல்வாக்கு மிக்க ஹ்யூபர்ட் டி பர்க் தன் உறவினர் ஒருவருக்கு ஏலாவை மணமுடிக்கப் பார்த்தார். ஏலா இடங்கொடுக்கவில்லை. கணவர் உயிரோடுதான் திரும்பினார்; ஆனால் 1226இல் காலமானார். ஏலா மறுமணம் செய்துகொள்ளவில்லை. வில்ட்ஷயர் மாவட்டத்தின் ஷெரிஃப் பதவியைத் தாமே வகித்தார். வரி வசூலும் நீதி நிர்வாகமும் அந்தப் பதவியின் பொறுப்பு. 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்தது சாதாரணச் செய்தி அல்ல.

1229இல் அவர் லேகாக்கில் அகஸ்டின் சபைக் கன்னியருக்கான மடத்தை நிறுவினார். ஏறக்குறைய பத்தாண்டு கழித்துத் தாமே துறவறம் பூண்டு அதன் தலைவியானார். 1261இல் மறைந்தார். கிராமமும் வயல்களும் மடத்துக்கு மானியம். வாரச் சந்தை நடத்தும் உரிமையையும் அவர் அரசரிடமிருந்து பெற்றுக்கொடுத்தார். ஹை ஸ்ட்ரீட் மற்ற தெருக்களைவிட அகலமாக இருப்பதன் காரணம் அந்தச் சந்தைதான்.

ஏலாவோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்த இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை 1215இல் ஜான் மன்னன் ஏற்றதும், 1225இல் அவன் மகன் மூன்றாம் ஹென்றி அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டதும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த 1225 சாசனத்தில் வில்ட்ஷயருக்கென அனுப்பப்பட்ட பிரதி லேகாக் மடத்தில் வைக்கப்பட்டது. மடம் ஒழிந்த பிறகும், வீட்டுக்காரர்கள் மாறிய பிறகும், 700 ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தோலேடு இந்தக் கிராமத்தை விட்டு நகரவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின்தான் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இனி வீடுகளுக்கு வருவோம். திரையில் தெரிவது சர்ச் ஸ்ட்ரீட்டில் உள்ள ஒரு வீட்டின் பக்கச் சுவர். அந்த வீட்டின் எலும்புக்கூடு வெளியே தெரியும்படி இருக்கிறது. கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். தரையிலிருந்து கிளம்பும் வளைந்த இரண்டு பெரிய மரங்கள் உச்சியில் கூப்பிய கைகள்போலச் சேர்கின்றன. இங்கிலாந்தில் இதை ‘க்ரக்’ என்கிறார்கள். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரத்தைத் தேடிப் பிடித்து, நெடுக்குவாட்டில் நடுவே பிளந்தால் ஒன்றுக்கொன்று அச்சு அசலான இரண்டு துண்டுகள் கிடைக்கும். அந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் பிணைத்தால் ஒரு சட்டம் தயார். இப்படிச் சில சட்டங்களை வரிசையாக நிறுத்தி உத்தரங்களால் இணைத்துவிட்டால் வீட்டின் உருவம் வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கூரையின் பாரம் முழுவதும் இந்த மரங்கள் வழியாக நேரே தரைக்கு இறங்குகிறது என்பது. சுவர் எதையும் தாங்குவதில்லை. காற்றையும் மழையையும் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் சுவருக்கு மரப்பிளாச்சுகளையும் குச்சிகளையும் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசினால் போதும். பின்னாளில் வசதி வந்தபோது அந்த மண்ணைத் தட்டிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மரச்சட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை.

தச்சர்கள் பச்சை ஓக்கைத்தான் பயன்படுத்தினார்கள். காய்ந்த ஓக் இரும்பு மாதிரி இறுகிவிடும், உளி இறங்காது. பச்சையாக இருக்கும்போதே அறுத்து, பொருத்துவாய் வெட்டி, மர ஆப்பு அடித்துப் பூட்டினார்கள். அடுத்த பல ஆண்டுகளில் மரம் காயக் காயத் திருகிக்கொள்ளும், பொருத்துகள் இறுகும். லேகாக் வீடுகளில் பல இடங்களில் சுவர் சாய்ந்தும் உத்தரம் வளைந்தும் தெரிவதற்கு அதுதான் காரணம். விழப்போகிறதோ என்று பார்ப்பவர் பயப்படலாம். இருந்த இடத்தில் இறுகி நூற்றாண்டுகளாக நிற்கும் வீடு அது.

கூரைகளில் பெரும்பாலும் கல் ஓடு. அந்த வட்டாரச் சுண்ணாம்புக்கல்லைப் பலகைபோலப் பிளந்து, துளையிட்டு, மர ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். தாழ்வாரத்தில் பெரிய கற்கள், மேலே போகப் போகச் சிறியவை, உச்சியில் உள்ளங்கை அகலம். கனமான கற்கள் சுவரோரம் இறங்கினால் பாரம் சரியாக விழும், மழைநீர் அதிகமாகச் சேரும் இடத்தில் இடுக்குகளும் குறையும். இதைச் செய்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கோமாட்டியின் பெயரும் மன்னர்களின் பெயரும் கிடைக்கும் அளவுக்கு இவர்களின் பெயர் கிடைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் கூரை மரங்கள் வரிசை வரிசையாக வளைந்து போகின்றன. குடியானவர்கள் மடத்துக்குச் செலுத்த வேண்டிய குத்தகையைத் தானியமாகவும் தோலாகவும் ஆட்டு ரோமமாகவும் இங்கே கொண்டுவந்து அளந்தார்கள். ஊரின் அழகான கட்டடங்களில் ஒன்று அது. ஊராரின் உழைப்பில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கைமாறிய இடமும் அதுவே. பிற்காலத்தில் அது சந்தைக் கூடமானது. ஒட்டினாற்போல 18ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்லாலான சிறு அறை ஒன்று, குவிமாடக் கூரையோடு நிற்கிறது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை இரவு முழுவதும் அடைத்துவைத்த ஊர்க் காவல் கொட்டடி அது.

வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் ஜார்ஜ் இன் என்ற பழைய விடுதியின் அடுப்பருகே ஒரு மரச் சக்கரம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சக்கரத்துக்குள் ஒரு நாயை விட்டுவிடுவார்கள். அது ஓட ஓடச் சக்கரம் சுழலும், அடுப்பில் இறைச்சி கோத்த கம்பியும் சுழலும். அந்த நாய்கள் பட்ட பாட்டை நினைத்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளத் தோன்றும். ஆனாலும் அந்தச் சக்கரத்தைக் கழற்றி எறியாமல் வைத்திருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

மடத்தின் கதை 1539 ஜனவரியில் முடிந்தது. எட்டாம் ஹென்றி நாடெங்கும் மடங்களைக் கலைத்துச் சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது, கடைசியாகக் கலைக்கப்பட்டவற்றில் லேகாக்கும் ஒன்று. மறு ஆண்டு வில்லியம் ஷாரிங்டன் என்ற அரசவைக்காரர் 783 பவுண்டுக்கு அதை வாங்கினார். மடத்தின் தேவாலயத்தை இடித்தார். ஆனால் கன்னியர் நடந்த சுற்றுநடையையும், கூட்ட மண்டபத்தையும், குளிர்காயும் அறையையும் அப்படியே விட்டுவிட்டு அவற்றின் மேல் தன் மாளிகையைக் கட்டிக்கொண்டார். மற்ற மடங்களில் பல, கூரை ஈயத்துக்காகப் பிரிக்கப்பட்டுக் கற்குவியலாயின. இங்கே 15ஆம் நூற்றாண்டுச் சுற்றுநடை, விதானத்துச் சிற்ப முடிச்சுகளோடு முழுசாகத் தப்பியது. புனித சிரியாக் பெயரிலான ஊர்த் தேவாலயமும் நிலைத்தது. ஷாரிங்டனின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

ஷாரிங்டன் நல்ல ரசனை உள்ளவர், கை சுத்தமில்லாதவர். ஆற்றைப் பார்த்த மூலையில் எண்கோணக் கோபுரம் ஒன்று எழுப்பி அதில் பெட்டக அறை வைத்தார். பிரிஸ்டல் நாணயச்சாலையின் பொறுப்பில் இருந்தபோது காசுகளின் ஓரத்தை வெட்டியெடுத்தும் கணக்கைத் திருத்தியும் பணம் சேர்த்தார். 1549இல் பிடிபட்டார். அவரோடு சதியில் இருந்த தாமஸ் சீமோர் தலையிழந்தார். ஷாரிங்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னிப்புப் பெற்று, நிலத்தையும் மீட்டு, 1552இல் அதே வில்ட்ஷயருக்கு ஷெரிஃபும் ஆனார். ஏலா அமர்ந்த நாற்காலி!

அவருக்குப் பிள்ளையில்லை. சொத்து தம்பிக்குப் போய், தம்பி மகள் ஆலிவ், ஜான் டால்பட்டை மணந்ததால் டால்பட் குடும்பத்துக்கு வந்தது. தந்தை சம்மதிக்காததால் ஆலிவ் மாடியிலிருந்து காதலனின் கைகளில் குதித்தாள் என்று ஜான் ஆப்ரி என்ற எழுத்தாளர் ஒரு கதையை எழுதிவைத்திருக்கிறார். நம்புவது உங்கள் விருப்பம். நமக்கு வேண்டியது, அன்றிலிருந்து 1944 வரை லேகாக் டால்பட்டுகளின் ஊர் என்பது.

இந்தக் காலத்தில்தான் ஊர் அசையாமல் நின்றது. கம்பளித் துணி நெசவால் செழித்த கிராமம் இது. நெசவு இயந்திரமானபோது பக்கத்தில் டிரௌபிரிட்ஜ் போன்ற ஊர்கள் ஆலை நகரங்களாயின. லண்டன்–பிரிஸ்டல் ரயில் பாதை 1841இல் சிப்பன்ஹாம் வழியாகப் போனது. புதுப் பணம் வந்த ஊர்களில் கடைக்காரரும் ஆலைக்காரரும் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டினார்கள், இல்லையேல் முகப்பையாவது மாற்றினார்கள். லேகாக்கில் அப்படிப் பணம் சேர்ந்தவனுக்கும் வீடு அவனுடையது அல்ல. வாடகைக்கு இருப்பவன் யாருக்காக இடித்துக் கட்டுவான்? நிலக்கிழாருக்கோ வாடகை வந்தால் போதும். ஆக, இன்று நாம் நின்று வியக்கும் தெருக்களின் பின்னால் தன் வீட்டுச் சுவரைத் தான் விரும்பியபடி மாற்ற முடியாத பத்துத் தலைமுறைக் குடியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டு இந்த ஊரின் அழகைப் பேசுவது நியாயமில்லை.

அந்தக் குடும்பத்தில் 1800இல் பிறந்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை கடன்களை விட்டு இறந்துபோனார். மடம் வாடகைக்கு விடப்பட்டது. 1827இல்தான் மகன் அங்கே குடிவந்தார். தென்புற முகப்பைத் திருத்திச் சுவரிலிருந்து புடைத்து நிற்கும் மூன்று சாளரங்களை வைத்தார்.

1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் பிம்பம் காட்டும் ஒரு கருவியின் துணையோடு காட்சிகளை வரைந்து பார்த்தார், கை வரவில்லை. காகிதத்தில் விழும் பிம்பம் தானாகவே பதிந்துவிட்டால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. ஊர் திரும்பியதும் காகிதத்தை உப்புநீரில் நனைத்து, உலர்த்தி, வெள்ளி நைட்ரேட் பூசினார். சிறிய மரப்பெட்டிகளில் ஒரு லென்ஸைப் பொருத்தி வீட்டைச் சுற்றி அங்கங்கே வைத்தார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றை எலிப்பொறி என்று அழைத்தார். 1835 ஆகஸ்டில் அப்படியொரு பெட்டி தென்புறத்து நடுச் சாளரத்தைப் பதிவு செய்தது. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய காகிதத் துண்டு. வெளிச்சம் பட்ட கண்ணாடிகள் கறுப்பாகவும் சட்டங்கள் வெளிறியும் விழுந்தன. சாளரத்தின் கண்ணாடிச் சதுரங்கள் ஏறக்குறைய 200. உருப்பெருக்கியால் பார்த்து அவற்றை எண்ண முடிந்தது என்று அதன் பக்கத்திலேயே எழுதிவைத்தார். இன்று உலகில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய ஒளிப்பட நெகட்டிவ் அதுதான்.

அறுநூறு ஆண்டுப் பழைய கட்டடத்தில் உலகப் புகழ்பெற்ற அந்தச் சாளரம் அன்று சில ஆண்டுகளே ஆன புதுச் சாளரம். பழைய வீட்டில் கைவைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். ஷாரிங்டன் கட்டியதும் டால்பட் திருத்தியதும் இப்போது அந்த வீட்டின் வரலாற்றுக்குள் அடக்கம்.

1841இல் டால்பட் உரிமம் பெற்ற கேலோடைப் முறை, காகித நெகட்டிவிலிருந்து எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்க வழிசெய்தது. அந்த முறையை மெழுகு பூசிய காகிதமாக மேம்படுத்தினார் பிரான்சின் லெ க்ரே. அந்தக் காகிதங்களோடுதான் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்தார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து நீளமாக ஒட்டியிருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலின் மிகப் பழைய ஒளிப்படங்களிலும் அவருடையவை உண்டு. நம் கோயில்கள் அன்று எப்படியிருந்தன என்று நாம் பார்க்க முடிவதில் லேகாக்கின் எலிப்பொறிகளுக்கும் பங்கு இருக்கிறது.

ஃபாக்ஸ் டால்பட்டின் பேத்தி மடில்டா. 1916இல் மாமா வழியாகச் சொத்து அவருக்கு வந்தது. பிள்ளையில்லாத அவர், 1944இல் மடத்தையும் கிராமத்தையும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். மாக்னா கார்ட்டா பிரதியைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்தவரும் அவரே. கிராமத்தை விற்றிருந்தால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொருவர் கைக்குப் போயிருக்கும்.

அப்படி ஆகாததன் பலன் இன்று தெரிகிறது. இங்கிலாந்தின் அழகான கிராமங்கள் பலவற்றில் நகரத்துப் பணக்காரர்கள் வீடுகளை வாங்கி விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறார்கள். குளிர்காலத்தில் தெருவே இருண்டு கிடக்கும். பள்ளிக்குப் பிள்ளைகள் இல்லை, கடைக்கு ஆள் இல்லை. லேகாக்கில் பெரும்பாலான வீடுகள் விற்பனைக்கு வருவதில்லை, வாடகைக்குத்தான் கிடைக்கும். ஆரம்பப் பள்ளி நடக்கிறது, மதுக்கடைகள் நடக்கின்றன, தேவாலய மணி அடிக்கிறது. ஒருகாலத்தில் நெசவாளிக்குச் சொந்த வீட்டை மறுத்த அதே ஏற்பாடு, இன்று அந்த வீட்டில் அடுப்பு எரிய வைத்திருக்கிறது. பழையதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. சொத்தை ஏலத்தில் விடாமல் ஊராகவே வைத்திருக்கும் வழிகளை நாம் ஆராய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. ஒரு சன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும். குளிர் காலத்தில் கணப்புச் செலவு அதிகம். மண்ணும் சுண்ணாம்பும் பூசிய சுவரில் சிமென்ட் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி ஓக் மரம் இற்றுவிடும். சுண்ணாம்புக் காரை கலக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேட வேண்டும். சன்னலுக்கு வெளியே எந்நேரமும் யாரோ ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

உங்களில் யாராவது அங்கே போனால் மடத்தில் தொடங்காதீர்கள். களஞ்சியத்தில் தொடங்கி, சர்ச் ஸ்ட்ரீட்டில் அந்த வளைந்த மரங்களைப் பார்த்து, கூரைக் கற்கள் மேலே போகப் போகச் சிறுப்பதைக் கவனித்துவிட்டுக் கடைசியில் மடத்துக்குள் நுழையுங்கள். அதன் வாசலிலேயே ஒரு பழைய களஞ்சியத்தில் 1975 முதல் ஃபாக்ஸ் டால்பட் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.